தேயிலை கண்ட டெய்லர்

கலஹாவினின்றும் தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்டைப் பக்கம் நோக்கிச் செல்வார்க்கு இருமருங்கும் தோன்றுவது தேயிலைப் பசுமையே. அம்மலைத்தொடரிலே லூல்கந்துர என்னும் தோட்டம் உளது. விரால் மீன் வாழும் ஓடை எனப் பொருள்படும் சிங்களப் பெயர் அது. இலங்கைத் தீவில் வாணிகத்தின்பொருட்டு முறையாக முதன்முதல் தேயிலை பயிரிடப்பட்ட நிலம் அதுவேயாம். பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டினர். நம் கல்லூரி மாணவரிற் பலர்தம் பாட்டனும் பாட்டியும், தாயும் தந்தையும் அப்பயிராலே வாழ்ந்தவர். ஆகலின், அவர் வரலாற்றைப் பழைய மாணவர் வெளியிடும் இவ்விழா மலரிலே கூறுதல் பொருத்தமுடைத்து என எண்ணினோம்.

இன்னுமொரு கருத்தும் எமக்கு உண்டு. உயர்தர வகுப்பிலே இரசாயனம் கற்கும் மாணவர் வெப்பவுள்ளுறை மாற்றம் என்னும் பகுதியைக் கண்டு அஞ்சுவதை யாம் அறிவோம். அஃது ஏதோ மேல்நாட்டு ஆய்வுகூடத்திற்கே உரிய பொருள் என அவர் கருதுகின்றனர். ஆயின், அப்பகுதியின் உண்மைகள் யாவும் நம் மலைகளின் தேயிலைச் சாலையில் நாள்தோறும் நிகழ்கின்றன. டெய்லரின் வாழ்வைச் சொல்லப் புகுந்தால், அவ்வுண்மைகளையும் உடன் சொல்லியே ஆகவேண்டும். யாம் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரேயாயினும், பொருள் விளங்கும் அளவுக்கு அவற்றையும் இங்கே எடுத்துரைப்போம்.

இளமையும் வருகையும்

டெய்லர் 1835ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் கின்காடின் பகுதியில் மொஸ்பார்க் என்னும் குடிசையிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் டெய்லர் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளர். தாயார் மார்கிரற் மொயர் என்பார். டெய்லர் சிறுவராயிருக்கும்போதே தாயார் மறைந்தார். தாயன்பு இழந்த அச்சிறுவர் கல்வியிலே கருத்துடையவராய் வளர்ந்து, தம் பதினான்காம் வயதளவில் ஊர்ப் பாடசாலையிலே மாணவ ஆசிரியராய் அமர்ந்தார். ஆசிரியத் தொழிலிலேயே நின்றிருப்பின் அவர் பெயரை நாம் இன்று அறிந்திருக்கமாட்டோம். ஸ்கொத்லாந்தின் இளைஞர் பலர் அக்காலத்திலே பிழைப்பு நாடிக் கடல் கடந்தனர். டெய்லரும் மூன்றாண்டு ஒப்பந்தத்திலே, ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்திற்கு, இலங்கைக் கோப்பித் தோட்டமொன்றில் உதவித் துரையாகப் பணியாற்ற இசைந்தார். 1851ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிற் கப்பலேறி, 1852 பெப்ருவரியிற் கொழும்பை அடைந்தார். அப்போது அவர்க்குப் பதினேழு வயது நிரம்பவில்லை.

சிலகாலம் நாரங்ஹேன என்னும் தோட்டத்திலிருந்து, பின் லூல்கந்துர வந்து சேர்ந்தார். அதன்பின் அவ்விடத்தை விட்டு நீங்கினாரல்லர். நாற்பதாண்டு வாழ்விலே அவர் எடுத்த நெடிய விடுமுறை ஒன்றே ஒன்று என்பர். 1874ஆம் ஆண்டிற் கிடைத்த அவ்விடுமுறையையும் ஓய்விற் கழியாது, டார்ஜிலிங் சென்று தேயிலைத் தொழிலைக் கண்டு கற்பதிலேயே செலவிட்டார். தந்தையார்க்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. காடழித்தலும், மழையும், தனிமையும் நிறைந்த வாழ்வை அவை காட்டுவன.

அக்காலத்திலே மலைநாடு கோப்பி நாடு. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் மிகுந்த ஆள் வேண்டும். அப்பருவம் நோக்கித் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து, வடபுறக் காடுகளூடாகக் கால்நடையாய் வந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். எஞ்சியோர் பருவம் கழிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. அதனைப் பறிக்க ஆண்டு முழுதும் கைகள் வேண்டும். ஆகவே, தேயிலை வந்த பின்னரே நம்மவர் குடும்பத்தோடு லயங்களிலே நிலைத்தனர். நம் சமுதாயம் இம்மலைகளில் வேரூன்றியதற்குத் தேயிலைச் செடியின் இவ்வியல்பே பெருங்காரணம் எனின் மிகையாகாது.

தேயிலை நடுதல்

டெய்லர் முதலிலே சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் புகழ் பெற்றார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் அதன் பட்டையிலிருந்து பெறப்படுவது. அடுத்து, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து தேயிலை வித்துப் பெற்று வழியோரங்களிலே நட்டுப் பார்த்தார். பின்னர் அசாம் இனத் தேயிலை வித்தைக் கொண்டு, 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தைத் திருத்திப் பயிரிட்டார். லூல்கந்துரவின் 7ஆம் இலக்க மலை என அந்நிலம் வழங்கும்.

இரண்டாண்டு கழிந்தது. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையிற் செம்பொடி போன்ற துருநோய் தோன்றியது. நோய் பரந்து, இருபதாண்டுக்குள் கோப்பித் தொழிலையே அழித்தது. செல்வர் பலர் வறியவராயினர். அவ்வேளையிலே கைகொடுத்தது டெய்லரின் 19 ஏக்கர் நிலத்துப் பட்டறிவே. நோய் வந்தபின் மருந்து தேடியவரல்லர் அவர். நோய் வருமுன்னரே மாற்றுப் பயிர் கண்டு வைத்தவர்.

பயிரிடுதல் எளிது. இலையைத் தேயிலையாக்குதலே அரிது. டெய்லர்க்கு அக்கலையைக் கற்பிக்க இவண் பாடசாலை இல்லை. இந்தியாவின் கச்சார்ப் பகுதியிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரிடம் கொழுந்து பறிக்கவும் வாட்டவும் உருட்டவும் ஓரளவு கற்றார். பங்களாத் திண்ணையே அவர் தேயிலைச் சாலை. மேசைகளின்மேல் இலையைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரையுள்ள கைப்புறத்தால் தொழிலாளர் உருட்டினர். களிமண் அடுப்பிலே மரக்கரி இட்டு, மேலே கம்பித் தட்டுக்களில் இலையை வைத்து உலர்த்தினர். உருட்டிய கைகளும் உலர்த்திய கைகளும் நம் முன்னோருடையவை என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

இலையும் வெப்பமும்

இனி, அத்திண்ணையிலே நிகழ்ந்தது யாது என்பதை இரசாயன நோக்கிற் காண்போம்.

ஒவ்வொரு பொருளும் தன்னகத்தே ஒரு சக்திச் சேமிப்பை உடையது. மாறா அமுக்கத்திலே ஒரு தாக்கம் நிகழுங்கால், அச்சேமிப்பிலே ஏற்படும் கூடுதல் குறைவே வெப்பமாய் உட்செல்வதும் வெளிவருவதும் ஆம். அச்சேமிப்பையே வெப்பவுள்ளுறை என்கின்றனர். தாக்கத்திலே வெப்பம் வெளிவருமாயின் வெப்பவுள்ளுறை குறைகின்றது. அது புறவெப்பத் தாக்கம். வெப்பம் உட்கொள்ளப்படுமாயின் வெப்பவுள்ளுறை கூடுகின்றது. அஃது அகவெப்பத் தாக்கம். வரவும் செலவும் எழுதும் வீட்டுக் கணக்கை ஒத்தது இது.

கொழுந்தின் எடையிலே நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேற்பட்டது நீர். வாட்டுதல் என்பது அந்நீரிற் பாதிக்கு மேற்பட்டதை ஆவியாக்குதல். ஒரு கிலோகிராம் நீர் நம் மலைக் காற்றின் வெப்பநிலையில் ஆவியாதற்கு ஏறத்தாழ 2,440 கிலோயூல் வெப்பத்தை உட்கொள்ளும். நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பற்றை அறுப்பதற்கே அவ்வெப்பம் செலவாகின்றது. வாட்டுதலிலே அவ்வெப்பத்தைத் தருவது மலைக்காற்று. மழைக்காலத்திலே காற்று ஈரம் நிறைந்து நிற்றலால் இலை வாடாது கிடக்கும். அப்போது சூடாக்கிய காற்றைச் செலுத்த நேரும்.

அடுத்தது உருட்டுதல். இதனால் இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளிருந்த பொலிபீனோல்களும் அவற்றைத் தாக்கவல்ல நொதியமும் ஒன்றுசேர்கின்றன. காற்றின் ஒட்சிசன் வந்து கலக்கின்றது. பச்சை இலை செம்பு நிறம் எய்துகின்றது. இதனை நொதித்தல் எனத் தோட்டத்தார் வழங்குவரேனும், கள்ளும் தயிரும் போல நுண்ணுயிரால் நிகழ்வதன்று இது, ஒட்சியேற்றமே ஆகும். ஒட்சியேற்றம் புறவெப்பத் தாக்கம். ஆதலின், குவித்து வைத்த இலை தானே சூடேறும். கனமாய்க் குவித்தால் வெப்பம் வெளியேற வழியின்றி இலை வெந்து, சுவை கெடும். மெல்லிய படையாய்ப் பரப்பிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் நிறமும் மணமும் நிறைவாய் அமையும். வெப்பமானி கைக்கொள்ளாத அந்நாளிலே, இலைமேல் உள்ளங்கையை வைத்தும், மணத்தை முகர்ந்துமே பதம் அறிந்தனர். சோற்றுப் பதம் அறியும் நம் தாய்மார்க்கு இது புதிதன்று.

இவ்விடத்து மாணவர் ஒன்றைத் தெளிதல் வேண்டும். நொதியம் தாக்கத்தை விரைவுபடுத்துகின்றது. வெளிவரும் வெப்பத்தின் அளவை அது மாற்றுவதில்லை. கடக்கவேண்டிய கணவாயை அது தாழ்த்துகின்றது. புறப்பட்ட ஊரின் உயரத்தையும் சேர்ந்த ஊரின் உயரத்தையும் தாழ்த்துவதில்லை.

இறுதியானது உலர்த்துதல். எஞ்சிய நீர் நூற்றுக்கு மூன்று பங்களவாகக் குறையும்வரை இலை தீயின் வெப்பத்தை ஏற்கின்றது. அவ்வெப்பத்தாலே நொதியத்தின் புரதமும் சிதைந்து, ஒட்சியேற்றம் நின்றுவிடுகின்றது. தீ மந்தமாயின் இலை அவிந்து போகும். தீ மிகின் புறத்தோல் இறுகி, உள்ளீரம் அகப்பட்டு நின்று, பின்னர்ப் பூஞ்சணம் பூக்கும்.

கரியடுப்பும் ஹெஸ் விதியும்

டெய்லர் ஐந்து வயதுச் சிறுவராயிருந்த 1840ஆம் ஆண்டிலே, ஜெனிவாவிற் பிறந்து ரஷியாவிற் பணியாற்றிய ஹெஸ் என்னும் அறிஞர் ஒரு விதியை வெளியிட்டார். தாக்கம் ஒரே படியில் நிகழினும் பல படிகளில் நிகழினும், தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பமாற்றமும் ஒன்றே என்பது அதன் பொருள். கலஹாவிலிருந்து மலைமேலுள்ள லயத்திற்கு வண்டிப்பாதையாற் செல்க; அன்றிக் குறுக்கு வழியால் ஏறுக. கால்கள் படும் பாடு வேறாகலாம். ஏறிய உயரம் ஒன்றே.

டெய்லரின் கரியடுப்பை நோக்குவோம். ஒரு மூல் காபன், அஃதாவது 12 கிராம், முற்றாக எரிந்து காபனீரொட்சைட்டாகுமாயின் 393.5 கிலோயூல் வெப்பம் வெளிவரும். காற்றோட்டம் போதாதாயின் அது காபனோரொட்சைட்டாகி நின்றுவிடும். அப்போது வெளிவருவது 110.5 கிலோயூல் மட்டுமே. அந்த நச்சுவாயு பின்னர் எரிந்தால் மீதி 283.0 கிலோயூலும் வெளிவரும். இரண்டையும் கூட்டினால் முன்னைய 393.5 கிலோயூலே. இதுவே ஹெஸ் விதி. காற்றடைத்த அடுப்பிலே கரியின் வெப்பத்தில் நான்கில் மூன்று பங்கை நெருங்கிய அளவு வீணாகின்றது. அறையிலுள்ளார் உயிர்க்கும் இடர் நேர்கின்றது. அடுப்புக்குக் காற்றுவழி விட்ட பழந்தொழிலாளர் அறியாமலே அவ்விதியைக் கையாண்டனர்.

இன்னும் ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 1873ஆம் ஆண்டில் லூல்கந்துரவிலிருந்து லண்டனுக்கு 23 இறாத்தல் தேயிலை அனுப்பப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 100 இறாத்தல் கொழுந்து, அஃதாவது 45 கிலோகிராம், வேண்டியிருக்கும். வாட்டுதலிலே சுமார் 20 கிலோகிராம் நீர் நீங்குமாயின், அதற்குச் செலவாவது 49,000 கிலோயூல் அளவான வெப்பம். உலர்த்துதலிலே எஞ்சிய 15 கிலோகிராம் நீர் நீங்க 34,000 கிலோயூல் வேண்டும். ஒரு கிலோகிராம் காபன் முற்றாய் எரிந்து தருவது 32,800 கிலோயூல். கொள்கையளவில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியே போதும் என்பது இதனாற் பெறப்படும். மெய்யாகவோ, பெரும்பகுதி வெப்பம் புகையோடும் காற்றோடும் போய்விடுதலால் பன்மடங்கு கரி செலவாகும். மலைக்காற்று விலையின்றித் தந்த வெப்பம் தீ தந்ததினும் மிகுதி என்பதும் இக்கணக்காற் புலனாகும். காற்றுக்கு எவரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

வெப்பவுள்ளுறையைக் குறிக்கும் எந்தல்பி என்னும் மேல்நாட்டுச் சொல் டெய்லர் மறைந்த பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வழக்கிற்கு வந்தது. சொல் பிறக்குமுன்னரே பொருளைக் கையால் அறிந்தவர் அவரும் அவருடன் உழைத்தவரும் ஆவர். சொல்லையும் கணக்கையும் கற்க வாய்ப்புப் பெற்ற நம் மாணவர், கையறிவை இகழ்தலாகாது. கையறிவோடு நின்றுவிடுதலும் ஆகாது.

புகழும் முடிவும்

1872ஆம் ஆண்டளவில் டெய்லர் முறையான தேயிலைச் சாலையொன்றை அமைத்து, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் உருட்டுப் பொறியொன்றையும் தாமே ஆக்கினார். அயல்தோட்டத்தார் வந்து கண்டு கற்றனர். தாம் அறிந்ததை அவர் மறைத்தாரல்லர். லண்டனுக்கு 23 இறாத்தலாய்த் தொடங்கிய இலங்கைத் தேயிலை ஏற்றுமதி, 1890ஆம் ஆண்டில் ஏறத்தாழ 22,900 தொன்னை எட்டியது. 1891ஆம் ஆண்டிலே தோட்டத்துரைமார் சங்கத்தார் அவர்க்கு வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்துப் போற்றினர்.

ஆயின், சிறுதோட்டங்கள் பெருங்கம்பனிகளின் கைக்கு மாறிய காலம் அது. லூல்கந்துரவும் ஒரு கம்பனியின் உடைமையாயிற்று. 1892ஆம் ஆண்டிலே அக்கம்பனி டெய்லரை விலகுமாறு பணித்தது. நாற்பதாண்டு உழைத்த நிலத்தை விட்டுச் செல்ல அவர் இசைந்தாரல்லர். அதற்குள் வயிற்றுளைச்சல் நோய் அவரைப் பற்றியது. மே மாதம் 2ஆம் நாள், தம் 57ஆம் வயதிலே, லூல்கந்துரவிலேயே உயிர் நீத்தார். மணம் புரியாது வாழ்ந்தவர் அவர்.

பேருருவம் உடையவர் டெய்லர்; எடை 246 இறாத்தல் என்பர். அவர் உடலைக் கண்டி நகர்வரை சுமந்து செல்ல இருபத்துநால்வர் வேண்டியிருந்தனர். பன்னிருவர் கொண்ட இரு பிரிவினராய், நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றிச் சுமந்தனர். பின்னே தொழிலாளர் திரண்டு, சாமித்துரை என அரற்றிச் சென்றனர் என்பது வரலாறு. கண்டி மஹய்யாவ மயானத்திலே அவர் கல்லறை உளது. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் இத்தீவில் முன்னோடி அவர் என அக்கல் கூறுகின்றது.

சுமந்த இருபத்துநால்வர் பெயரை எக்கல்லும் கூறவில்லை. இதனை வெறுப்பினாற் கூறுகின்றோமல்லோம். டெய்லர் சிறந்த உழைப்பாளி, அதில் ஐயமில்லை. ஆயின், அவர் காலத்துத் தோட்ட வாழ்வு நம்மவர்க்கு இனிய வாழ்வாய் இருந்ததில்லை. கடனும், கங்காணியின் பிடியும், லயத்தின் ஓரறையும் அவர்தம் பங்காயின. பின்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தேயிலை வளர்த்த மக்களே நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. நாற்பதாண்டு உழைத்து, ஈற்றிலே வெளியேறு எனப் பணிக்கப்பட்ட துன்பம் துரைக்கும் நேர்ந்தது. தொழிலாளிக்கோ அது தலைமுறை தலைமுறையாய் நேர்ந்தது. உழைத்தவர்க்கு நிலத்தில் உரிமையின்மை என்னும் அவ்வொன்றிலே துரையும் தொழிலாளியும் ஒத்தனர்.

நிறைவுரை

லூல்கந்துரவிலே டெய்லர் வாழ்ந்த மரக்குடிலில் இன்று எஞ்சி நிற்பது அதன் புகைபோக்கியே. அவர் அமர்ந்து மலைகளை நோக்கிய கல்லிருக்கையையும் காட்டுவர். கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையிலே அவர் நினைவுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. அங்கேயே பழைய பொறிகளையும் காணலாம். நம் மாணவரை ஆசிரியர் அங்கெல்லாம் அழைத்துச் செல்லுதல் நன்று. உருட்டுப் பொறியையும் உலர்த்தியையும் கண்முன் காட்டி, எது புறவெப்பம், எது அகவெப்பம் என வினவின், பாடநூலிலே பத்துமுறை படித்தும் விளங்காதது ஒருமுறையில் விளங்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இரசாயனம் எட்டாத கனி எனச் சொல்வார் இன்னும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: கொழுந்துக் கூடையின் ஈரத்தைத் தோளில் உணர்ந்த தாயும், தேயிலைச் சாலையில் இலையின் சூட்டை உள்ளங்கையில் அறிந்த தந்தையும் வாழும் வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு இப்பாடம் அயலதன்று, தாய்வீட்டுப் பொருள். வண்டிச் சக்கரம் செய்தவர் மகன் தன்முயற்சியால் ஒரு தொழிலைத் தோற்றுவித்தான் எனின், தேயிலை செய்தவர் மகனும் மகளும் அதன் அறிவியலைத் தமதாக்க இயலாதோ? நம் கல்லூரியின் பழைய மாணவர் இவ்வகையிலே இளையோர்க்கு நூலும் வழிகாட்டலும் தந்து உதவுவாராக. முயன்று கற்கும் நம் மாணவர் மேன்மேலும் உயர்வாராக.